மாதவிடாய் நிற்கும் வயதில் கிட்னியும் சர்க்கரையும்: பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. 24 வருடமாக ரத்தமும் யூரினும் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன். காலை 7 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களில் 45 வயதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள், ஆனால் அவர்களில் பலர் தங்களுக்காக வந்தவர்கள் அல்ல, கணவருக்கோ மாமியாருக்கோ துணைக்கு வந்தவர்கள். கணவரின் சட்டைக் கையை மடித்துவிடுவார்கள், ஊசி எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். "உங்களுக்கு எப்போம்மா கடைசியா பார்த்தீங்க?" என்றால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். என் சொந்த அக்காவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். 51 வயதில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையாமல் இருந்த பிறகுதான் ரத்தம் எடுத்தேன். அதற்குள் கிட்னியின் வேலைத்திறன் பாதிக்கும் கீழே போயிருந்தது. தங்கை லேபில் வேலை பார்த்தும் இந்தக் கதி. அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மருந்தை ஆரம்பிப்பது, நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் பேசித்தான்.

அக்கா, மாதவிடாய் நிற்பதற்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தமும் உண்டு, சுற்றி வளைத்து வரும் சம்பந்தமும் உண்டு.

நேரடியானது ஈஸ்ட்ரோஜன். கர்ப்பப்பைக்கு மட்டுமே ஆன ஹார்மோன் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் ரத்தக்குழாய்களைத் தளர்வாக வைப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் கையை அது ஓரளவு கட்டிப்போட்டும் வைக்கிறது. கிட்னி என்பது ரத்தக்குழாய் முடிச்சுகளால் ஆன உறுப்பு. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மயிரிழையை விடச் சன்னமான குழாய்ச் சுருள். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தச் சுருள்களுக்குக் கிடைத்துவந்த பாதுகாப்பும் குறைகிறது.

சுற்றி வருவதுதான் பெரும்பாலானவர்களைப் பிடிக்கிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு இந்த வயதில் வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர ஆரம்பிக்கும். தசை கரையும். வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை ஏறும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், கல்லீரலில் கொழுப்பு படியும். அப்புறம் பிபி. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓரிரு வருடத்திலேயே சட்டென்று உயர்வதை அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு காட்டியது. இத்தனை சுமையும் கடைசியில் வந்து இறங்கும் இடங்களில் ஒன்று கிட்னி. இதயம், கிட்னி, சர்க்கரை மூன்றையும் தனித்தனி நோயாகப் பார்க்காமல் ஒரே தொடராகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2023இல் அதற்குத் தனிப் பெயரே வைத்தது.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் "வயசாச்சு, அதான்" என்று ஒரே பதில்தான். அசதியா, வயசாச்சு. கால் வீக்கமா, வயசாச்சு. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா, வயசாச்சு. இந்தப் பதிலால்தான் பரிசோதனை வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது.

எனக்கு 44 தான். பீரியட்ஸ் இன்னும் வருகிறது, தாறுமாறாக. இப்போதே பார்க்க வேண்டுமா?

ஆமாம். 12 மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது, மேலை நாடுகளில் 51 வாக்கில். நமக்கு 4, 5 வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். உடம்புக்குள் மாற்றமோ அதற்கும் சில வருடம் முன்பே தொடங்கிவிடும்.

இன்னொன்று. பீரியட்ஸ் முற்றிலும் நிற்காதவரை கரு தங்க வாய்ப்பு இருக்கிறது. பிபிக்கும் கிட்னிக்கும் கொடுக்கும் டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். 44 வயதில் நாள் தள்ளிப்போனால் "நிற்கப் போகிறது போல" என்று விட்டுவிடாமல், இந்த மாத்திரை எடுப்பவர்கள் ஒரு தடவை கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கிரியாட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது. பிறகென்ன?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவர்களுக்கு அதிகமாக உற்பத்தியாகும், குறைவாக உள்ளவர்களுக்குக் குறைவாக. பல லேப்களில் ஆண், பெண் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நார்மல் அளவு அச்சடித்திருப்பார்கள், 0.6 முதல் 1.2 என்பதுபோல. உங்கள் 1.1 அதற்குள் அடங்கிவிடும். தடித்த எழுத்தில் வராது, பக்கத்தில் நட்சத்திரக் குறி வராது, யாரும் நிறுத்திப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது அதே எண்ணை இ.ஜி.எஃப்.ஆர். கணக்கில் போடுவோம். நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைக் கிட்னி சுத்தம் செய்கிறது என்பதன் மதிப்பீடு அது. வயது, பாலினம், கிரியாட்டினின் மூன்றும் தெரிந்தால் போதும். 2021இல் வந்த சூத்திரப்படி 55 வயது ஆணுக்கு 1.1 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். 79. அதே 55 வயதுப் பெண்ணுக்கு அதே 1.1 என்றால் 59. ஒரே எண்தான், அவருக்குப் பயமில்லை, உங்களுக்கோ 60 என்ற கோட்டுக்குக் கீழே. 3 மாதம் கழித்து மறுபடி பார்த்தும் 60க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலையின் தொடக்கம்.

மாதவிடாய் நின்ற பிறகு தசை இன்னும் கரைவதால் இந்தக் கண்கட்டு இன்னும் கூடும். கிட்னி மெல்லக் குறைந்துகொண்டே வரும், ஆனால் தசையும் குறைவதால் கிரியாட்டினின் பெரிதாக ஏறாது. ரொம்ப ஒல்லியாக, சோர்ந்துபோய் இருக்கும் அம்மாக்களுக்கு 0.9 வந்தால்கூட நான் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட்டுப் பேனாவால் ஓரத்தில் எழுதிக் கொடுப்பேன். சந்தேகமாக இருந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை டாக்டர் எழுதித் தருவார்.

அதனால் லேபுக்குப் போனால் "கிரியாட்டினினோடு இ.ஜி.எஃப்.ஆரும் போட்டுக் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பீர்கள் இல்லையா, அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். 0.7, 0.8, 1.0, 1.1 என்று நாலு வருடத்தில் ஏறியிருந்தால், நாலுமே நார்மல் என்று அச்சாகியிருந்தாலும், டாக்டர் அதைப் பார்க்க வேண்டும்.

யூரினில் உப்பு இருக்கிறது என்கிறார்கள். உப்பைக் குறைத்தால் சரியாகுமா?

ஊரில் "உப்பு" என்று சொல்வது பெரும்பாலும் அல்புமின் என்ற புரதத்தை. சில பேர் கிரியாட்டினினையும் யூரியாவையும்கூட "ரத்தத்தில் உப்பு கூடிடுச்சு" என்பார்கள். சமையல் உப்பு வேறு, இது வேறு. ரத்தத்திலேயே இருக்க வேண்டிய புரதம் வடிகட்டியின் ஓட்டை வழியாகக் கசிந்து வெளியே வருகிறது. இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கும்போதே இந்தக் கசிவு தொடங்கிவிடலாம். அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிட்னி பாதிப்பின் முதல் அடையாளமாகப் பலநேரம் தெரிவது இதுதான்.

நாங்கள் சாதாரணமாக யூரினில் முக்கிப் பார்க்கும் கலர் பட்டை ஆரம்பக் கசிவைப் பெரும்பாலும் காட்டாது. அதற்கு ஏ.சி.ஆர். என்று தனிப் பரிசோதனை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று கணக்கு. 30க்குக் கீழே என்றால் சரி. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு, 300க்கு மேல் பெரிய கசிவு.

யூரின் கொடுக்கும் விதமும் முக்கியம். காலையில் எழுந்ததும் முதலில் போவது நல்லது. முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். பீரியட்ஸ் நாட்களில் கொடுக்காதீர்கள், ரத்தம் கலந்து தப்பாக ஏற்றிக் காட்டும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களான பெரிமெனோபாஸில் தேதி தெரியாமல் லேசாகப் பட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். காய்ச்சல், நீர்க்கடுப்பு, முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். ஒருதடவை 45 வந்தது என்று தூக்கம் கெட வேண்டாம். 3 முதல் 6 மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் உறுதி.

யூரின் நுரைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றியும் நுரை கலையாமல் நின்றால் உடனே பாருங்கள். நுரை இல்லை என்பதால் கசிவே இல்லை என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள்.

நான் குண்டு இல்லை, வயிறு மட்டும்தான் போட்டிருக்கிறது.

வயிறுதான் விஷயமே. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் தடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். இடுப்பு 80ஐத் தாண்டியிருப்பது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல், பிபி 130/85 அல்லது மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல், நல்ல கொழுப்பு 50க்குக் கீழ் என்ற ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பார்கள். தராசு 58 கிலோ காட்டும் பெண்ணுக்கும் இந்த மூன்று இருக்கும். நான் தினமும் பார்க்கிறேன்.

சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்நின்று நடத்திய, ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவு 2023இல் வந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரையின் முன்நிலை. சர்க்கரை இருப்பதே தெரியாமல் நடமாடுபவர்கள் நம்மில் ஏராளம்.

பிரசவ நேரத்தில் சுகர் இருந்தது, குழந்தை பிறந்ததும் போய்விட்டது. அதை இப்போது ஏன் கேட்கிறீர்கள்?

அது ஒரு முன்னறிவிப்பு என்பதால். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. கர்ப்பத்தில் பிபி ஏறி, கைகால் வீங்கி, யூரினில் உப்பு போனவர்களுக்குப் பின்னாளில் பிபியும் கிட்னி நோயும் வரும் வாய்ப்பு கூடுதல். 25 வயதில் நடந்ததை 50 வயதில் டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை, பல டாக்டர்கள் கேட்பதுமில்லை. நீங்களாகவே சொல்லுங்கள்.

38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கும் இது பொருந்துமா?

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். "எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், எது எல்லாம் என்பது பல பெண்களுக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் அன்றைக்கே ஈஸ்ட்ரோஜன் சட்டென்று விழுந்துவிடும். படிப்படியாகக் குறைவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். மயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நிற்கும் முன்பே இரண்டு சினைப்பைகளையும் இழந்த பெண்களுக்குக் கிட்னி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது, 45 வயதுக்கு முன் எடுத்தவர்களுக்கு இன்னும் தெளிவாக. புற்றுநோய் போன்ற காரணத்துக்காக எடுத்தது சரியான முடிவாகவே இருக்கும், அதைப் பற்றி வருந்த வேண்டாம். ஆனால் உங்கள் கிட்னி, எலும்பு, இதயக் கணக்கு 38இலேயே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை எடுக்கலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருப்பவர்கள், சினைப்பைகளை விட்டுவைக்க முடியுமா என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

இந்த ஒரு பேச்சால் எத்தனை பேர் மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்து வீங்கிய முகத்தோடு வந்தார்கள் தெரியுமா. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பிபியும்தான். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே குறைந்திருந்தால் அது உடம்பில் தேங்கும், அதனால் இ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தியதைப் பார்த்துத்தான் "மாத்திரையால் கிட்னி போச்சு" என்று ஊர் சொல்கிறது.

கடந்த சில வருடங்களில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையை யூரின் வழியாக வெளியேற்றுவதோடு கிட்னி கெடும் வேகத்தையும் குறைக்கின்றன. 2020இல் வந்த டபா-சிகேடி ஆய்வில் சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் பலன் தெரிந்தது. அதே வருடம் டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததால் பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தன, விலை மளமளவென்று இறங்கியது. வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசி, சர்க்கரையும் கிட்னி நோயும் சேர்ந்தவர்களுக்குப் பெரிய கிட்னி பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்ததாக 2024இல் ஃப்ளோ ஆய்வு காட்டியது. இவை உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுக்கலாம், தப்பே இல்லை.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் குளிஃப்ளோசின் மாத்திரைகள் எடுத்தால் யூரினில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், அரிப்பு, வெள்ளை படுதல். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஏற்கெனவே வறட்சி இருக்கும், கூடவே இதுவும். வெட்கப்பட்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறார்கள். தண்ணீரில் கழுவி ஈரமில்லாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம், வந்தாலும் சாதாரண மருந்தில் போகும், டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி, பேதி, பட்டினி விரதம், ஆபரேஷன் என்று எது வந்தாலும் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும், எப்போது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இந்த மாத்திரைகளையோ டெல்மிசார்டான் வகையையோ ஆரம்பித்த சில வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். வடிகட்டிகளுக்குள் அழுத்தம் குறைவதால் வரும் எதிர்பார்த்த ஏற்றம்தான். நீங்களாக நிறுத்தாமல் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள், எந்த அளவு வரை பொறுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிறேன். அதில் ஒன்றும் இல்லையே?

இருக்கிறது. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. பிபி மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு, அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சில நாளிலேயே கிட்னி தடுமாறும், வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் மோசம். மாதவிடாய் நின்ற பிறகு மூட்டுவலி கூடுவது நிஜம். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் மாத்திரை போட்டுத்தான் அன்றைய கூலியை வாங்க வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பாராசிட்டமால் சரியான அளவில் எடுத்தால் கிட்னிக்கு இவற்றைவிடப் பாதுகாப்பு. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, மேலே தடவும் களிம்பு, இரண்டும் முட்டிக்கு உதவும்.

பெயர் தெரியாத சூரணம், பற்பம், லேகியம் வாங்கிச் சாப்பிடுபவர்கள் அதில் பாதரசம், ஈயம் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஆடுதின்னாப்பாளையில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் கிட்னியைக் கெடுப்பது உறுதிப்பட்ட விஷயம். எந்த மருத்துவ முறை என்பது என் கேள்வி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழுங்கக் கூடாது.

எலும்புக்கு கால்சியம், வைட்டமின் டி எடுக்கலாமா?

தேவைப்பட்டால், சொன்ன அளவில். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவார்கள். அதைத் தினமும் ஒன்று என்று புரிந்துகொண்டு பாலில் கலக்கிக் குடித்த ஒரு அம்மாவின் கால்சியம் நாங்கள் இரண்டாவது முறை ஓட்டிச் சரிபார்க்கும் அளவுக்கு ஏறியிருந்தது. வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கூடவே கிரியாட்டினினும் ஏற்றம். சீட்டில் "வாரம் 1" என்பதைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கிட்னி நோய் இருந்தால் எலும்பு மருந்துகளின் தேர்வே மாறும், எலும்பு டாக்டரிடம் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைச் சொல்லாமல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. கிட்னி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தப் பகுதியின் தோல் மெலிந்து, நல்ல கிருமிகள் குறைந்து, தொற்று எளிதாக வருகிறது. பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இதை நன்றாகக் குறைக்கும், உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதற்கு முன் மகப்பேறு டாக்டரிடம் இதைக் கேளுங்கள். குளிர்க்காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஹார்மோன் மாத்திரை எடுத்தால் கிட்னி காப்பாற்றப்படுமா?

கிட்னியைக் காப்பாற்ற என்று யாரும் ஹார்மோன் எழுதுவதில்லை. உடம்பெல்லாம் குப்பென்று சூடேறி, ராத்திரி ஜாக்கெட் நனைய வியர்த்து, தூக்கம் போய் அவதிப்படுபவர்களுக்கு அது நல்ல மருந்து, 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள், வேறு தடை இல்லாதவர்களுக்கு. வாயில் போடும் மாத்திரை கல்லீரல் வழியாகப் போய் ட்ரைகிளிசரைடையும் ரத்தம் உறையும் தன்மையையும் ஏற்றலாம். சர்க்கரை, பிபி, கிட்னி சிக்கல் உள்ளவர்களுக்குத் தோலில் ஒட்டும் பேட்ச் அல்லது ஜெல் மேல் என்று டாக்டர்கள் கருதுவது அதனால்தான். 45க்கு முன்பே, குறிப்பாக 40க்கு முன்பே நின்றுபோனவர்கள் இதைக் கட்டாயம் பேசிப் பார்க்க வேண்டும்.

என்ன சாப்பிடுவது? இளநீர், வாழைத்தண்டு எல்லாம் கிட்னிக்கு நல்லதாமே?

கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு இளநீர் அருமை. இ.ஜி.எஃப்.ஆர். குறைந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர்களுக்கு அதே இளநீர் இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். வாழைத்தண்டுச் சாறும் அப்படித்தான். நட்சத்திரப் பழம் கிட்னி நோய் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம், அதிலுள்ள நச்சு மூளையைப் பாதிக்கும். "பிபிக்கு நல்லது" என்று விற்கும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், கிட்னி நோயாளிகள் கேட்காமல் வாங்கக் கூடாது.

சமையல் உப்பு ஒருநாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று அந்தப் பக்கம் ஏற்றிவிடுகிறோம். மிஞ்சிய குழம்பை வீணாக்க மனசில்லாமல் கடைசியாக வழித்துச் சாப்பிடுவதும் நாம்தான். புரதம் பற்றி இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. கிட்னி என்றதும் பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்தி, சோறும் ரசமுமாக இருந்து தசையை இன்னும் இழக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம், அதாவது 60 கிலோ பெண்ணுக்கு 48 கிராம் புரதம், டயாலிசிஸுக்குப் போகாத கிட்னி நோயாளிக்கும் பொதுவாகத் தேவை. நம் வீட்டுச் சாப்பாட்டில் பல பெண்களுக்கு அந்த அளவே கிடைப்பதில்லை. புரதப் பவுடர் மட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

நடைப்பயிற்சி வாரம் 150 நிமிடம், அப்புறம் வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்தாலும் போதும். வீட்டு வேலை செய்கிறேனே என்பீர்கள், தெரியும், ஆனால் அது இதற்கு ஈடாகாது.

ஹெச்.பி.ஏ.1.சி. 6.6 வந்திருக்கிறது. எனக்கு ரத்தப்போக்கு ரொம்ப அதிகம்.

நல்லவேளை இரண்டையும் சேர்த்துச் சொன்னீர்கள். ஹெச்.பி.ஏ.1.சி. என்பது கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண். இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, இரும்பு மருந்து எடுக்க ஆரம்பித்திருந்தாலோ குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தசோகை ரத்தப்போக்கால் மட்டும்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம், கிட்னி குறைந்தாலும் ரத்தம் ஊறாது.

ஸ்டேஜ் 3 என்றார்கள். டயாலிசிஸ்தானா?

இல்லை. மூன்றாம் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதில்லை. அவர்களுக்கு அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும். அதனால்தான் கிட்னி டாக்டர் கொழுப்பு மாத்திரையும் எழுதுகிறார், "கிட்னிக்குப் போனால் இதயத்துக்கு மாத்திரை தருகிறாரே" என்று குழம்ப வேண்டாம். என் அக்காவுக்கு இப்போது 57. ஆறு வருடமாக இ.ஜி.எஃப்.ஆர். 43, 41, 42 என்று அங்கேயே நிற்கிறது. உப்பைக் குறைத்தாள், பிபி மெஷின் வாங்கினாள், மாத்திரையை ஒருநாள் விடுவதில்லை.

எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

40க்கு மேல் வருடம் ஒருமுறை பிபி, சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினினோடு இ.ஜி.எஃப்.ஆர்., யூரின் ஏ.சி.ஆர். ஏதாவது தவறியிருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபியும் சர்க்கரையும் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே கண்டறிய 2023இல் தமிழக அரசு தனித் திட்டமும் கொண்டுவந்தது. வீட்டுக்கு வரும் செவிலியரிடம் "எனக்கும் பாருங்க" என்று கையை நீட்டுங்கள்.

எனக்கு 50. கணவருக்கு கிட்னி கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பெண்கள் மெதுவான குரலில்தான் கேட்பார்கள், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது. நம் நாட்டில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நன்றாகப் பரிசோதித்து, தகுதி உள்ளவர் கொடுத்தால் ஒரு கிட்னியோடு நல்லபடியாக வாழலாம், பலர் வாழ்கிறார்கள். ஆனால் 50 வயதில், மாதவிடாய் நின்ற கையோடு, சர்க்கரை முன்நிலையிலும் இடுப்பு 90இலும் இருக்கும் பெண்ணுக்கு அடுத்த 30 வருடக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் வந்த பிபி, சர்க்கரை, ஏ.சி.ஆர்., எதையும் குடும்பத்துக்காக மறைக்காதீர்கள். 1994ஆம் வருடச் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தி உறுப்பு வாங்க முடியாது. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், சம்மதித்த பிறகும் ஆபரேஷன் அன்று காலை வரை மனம் மாறலாம். கொடுத்தீர்கள் என்றால் ஆயுசுக்கும் வருடா வருடம் பிபி, கிரியாட்டினின், யூரின் பார்க்க வேண்டியது உங்களுக்கும்தான். அவருக்கு ரத்தம் எடுக்க வரும் அதே நாளில், அதே நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்து கையை நீட்டிவிடுங்கள்.